எந்த நம்பர் பஸ்?

இந்த நாட்டில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், "நான் பஸ்" என்கிறேன். டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், ஆண்குரல்களில் மிகத் தாழ்ந்த குரலுக்கு அதுதான் பெயர். ஓடுகிற பஸ்ஸை அவர்கள் 'புஸ்' என்பார்கள். ஆகவே சுவிஸ்காரருக்குக் குழப்பமில்லை. எந்த ஒபேராவில், எந்த இசைநாடக அரங்கில், பாடுகிறாய் என்று கேட்பார்கள். குழப்பம் எங்கள் ஆட்களுக்குத்தான்.

மன்னாரில் குரல் உடைந்த வயதில், கோயில் பாடகர் குழுவில் என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். "நீ வாயை மட்டும் அசை, உன்ர சத்தம் ஆர்மோனியத்தை அமுக்குது." அதே சத்தத்துக்காகத்தான் இங்கே இசைக் கல்லூரியில் இடம் தந்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பாட்டுப் படிக்கப் போகிறேன் என்றதும், இங்கே ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் அப்பா என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். ஒபேராவின் கோரஸில் வேலை கிடைத்த அன்று போன் எடுத்து, "அப்பா, என்னைப் பஸ்ஸா எடுத்திட்டினம், பேர்மனண்ட்" என்றேன். அழுதேவிட்டார். பாட்டை ஏற்றுக்கொண்டார் என்று நினைத்தேன்.

போன மாதம், நாங்கள் இருக்கும் ஊஸ்டரில் தமிழ்த் திருப்பலி முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது, அப்பாவின் கூட்டாளி செல்வம் அண்ணை தோளில் தட்டினார்.

"தம்பி, எந்த நம்பர் பஸ் ஓடுறாய்? ஒருக்கா ஏறிப் பாப்பம்."

"ஓடுறேல்லை அண்ணை, பாடுறன்."

"பஸ்ஸுக்கையோ?"

எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவைத் தவிர. நான் ஒபேராவை விளக்கி முடித்தேன். வீட்டுக்கு நடக்கையில் அவர் ஒன்றுதான் கேட்டார்: "அப்ப லைசென்ஸும் இல்லையோ?"

அடுத்த ஞாயிறு அவர் கோயிலுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, பகல் காட்சிக்கு வரச் சொல்லிக் கெஞ்சினேன்.

பஸ் குரலுக்குக் காதலன் வேடம் வாய்ப்பது அரிது. அரசன், பாதிரி, யாருக்கோ தகப்பன். அன்று எனக்கு ஒரு சின்ன வேடம்: நரைத்த தாடி ஒட்டிக்கொண்டு, வீட்டை விட்டுப் போகும் பிள்ளைக்கு விடைகொடுக்கும் கிழவன்.

வெளியே அப்பா காத்து நின்றார். "ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனா நீ பாடேக்கை கதிரை அதிருது. பஸ்ஸில பின் சீற்றில இருக்கிற மாதிரி."

ஊஸ்டர் ஸ்டேஷனில் எங்கள் பஸ் வந்தது. அப்பா சாரதியிடம் என்னைத் தன் மகன் என்று காட்டி, "மைன் சோன். பஸ். ஒபேரா" என்றார்.

சாரதி தன் நெஞ்சில் தட்டினார். "இஹ் ஔஹ்!" தங்கள் ஊர் ஆண்கள் பாடகர் குழுவைப் பற்றி ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"தானும் பஸ்ஸாம்."

"அது தெரியுதுதானே!" அப்பா போய்ப் பின் சீற்றில் அமர்ந்தார்.

இருவர் சொன்னதும் சரிதான்; யாரைத் திருத்துவது? ஒரு கால் உள்ளே, ஒரு கால் நடைபாதையில் வைத்தபடி நின்றேன். கதவு எனக்காகத் திறந்தே இருந்தது.