சுருங்கியது போக மீதி

சுந்தராம்பாளின் கணவர் சௌந்தரபாண்டியன் அருப்புக்கோட்டையில் பருத்திக் கடை வைத்திருந்தார். ஒரு பிடிப் பஞ்சை விரலால் இழுத்துப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். அந்த மகாமேதை மனைவியையும் அப்படித்தான் தரம் பார்த்தார். காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை என்று நான்கு வருடமாக அவள் அழுதாள். "மூணு வேள சோறு, தலைக்கு மேல ஃபேனு. இவளுக்கு என்ன கொறச்சல்?" என்றார். அவருடைய தங்கை பிருந்தாவோ, "வேலைக்குப் பயந்து மதினி நடிக்கிறாக" என்று முடித்துவிட்டாள்.

கடைசியில் மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். மனச்சோர்வு நாள்பட்டால் மூளையில் நினைவைக் காக்கும் பகுதி சுருங்கக்கூடும், இவருக்கும் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, மருந்து சாப்பிட்டால் தேறலாம் என்றார் டாக்டர்.

நான்கு வருட அழுகையை நம்பாதவர் படத்தை ஒரே நிமிடத்தில் நம்பினார். கடையில் ட்யூப்லைட்டுக்கு நேரே அதைத் தூக்கிப் பிடித்து, பருத்தி விற்க வந்த சம்சாரிகளிடமெல்லாம், "பாத்தீகளா, இந்த எடந்தான் சுருங்கிருச்சு" என்று விளக்கம் சொன்னார்.

பிருந்தா வீட்டுக்கே வந்து உச்சுக்கொட்டினாள். "பாவம், மதினிக்கு இனி பழசெல்லாம் மறந்துரும்." குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது.

சுந்தராம்பாள் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தாள்.

"அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலன்னைக்கு 'நடிக்கிறாக'ன்னு சொன்னியே, அப்ப நீ பச்சச் சேல கட்டியிருந்த. 'என்ன கொறச்சல்'னு கேட்டுட்டு ஒங்கண்ணன் ஏப்பம் விட்டாக. சுருங்குனது போக மீதியில இம்புட்டும் இருக்கு, பிருந்தா."