எப்பவாச்சும் குடிப்பவனுக்கு ஒரு மாடி வீடு

“குடிப்பீங்களா?”

பாரிவாக்கத்தில் மாடி வீடு வாடகைக்குக் கேட்டுப் போனபோது வீட்டுக்காரம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். என்ன வேலை, வீட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் அப்புறம். கேட்டிலேயே ‘குடிப்பவர்களுக்கு வீடு இல்லை’ என்று ஒரு தகரப் பலகை தொங்கியது. அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனோம். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும் பலகை படிக்கத் தெரியும்.

‘ஐயோ, தொடவே மாட்டேம்மா’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஆட்டோவில் வரும்போது என் மனைவி வழியெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வந்தாள். ஆனால் எனக்குப் பொய் சொல்ல வராது. யோக்கியன் என்பதால் இல்லை, பயந்தாங்கொள்ளி என்பதால். ஒரு பொய் சொன்னால், அது எப்போது யார் வாயால் வெளியே வரும் என்ற யோசனை அந்த நிமிடமே ஆரம்பித்துவிடும். அப்புறம் தூக்கம் போச்சு.

“எப்பவாச்சும்” என்றேன்.

மனைவி என் முழங்கையில் கிள்ளினாள்.

“எப்பவாச்சும்னா?”

“எப்பவாச்சும்தாம்மா. கல்யாணம் கில்யாணம்னா ஒரு பீரு. முன்னாடி வாரா வாரம் இருந்துச்சு. இப்ப இல்ல.”

வீட்டுக்காரம்மாவுக்குத் தென்காசிப் பக்கம். கணவர் ஆவடியில் ஃபேக்டரி வேலையில் இருந்து, குவார்ட்டர்ஸிலேயே குடும்பம் நடத்தி, ஓய்வு பெற்றதும் கட்டிய வீடு. அவர் காலமான பிறகு இந்த அம்மா கீழே தனியாக இருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஐப்பசி வரைக்கும் பாப்பேன்” என்றார் கடைசியில். “நடத்த சரியில்லன்னா மழைக்கு முன்னாடி காலி பண்ணிரணும்.”

மழை என்ற வார்த்தைதான் என்னைக் குத்தியது. நாங்கள் அதுவரை இருந்தது பூந்தமல்லியில் ஒரு பள்ளமான தெரு. ஐப்பசி பிறந்தால் கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றுவோம். கார்த்திகையில் மனைவியின் தையல் மிஷினைக் கட்டில் மேல் ஏற்றுவோம். ஒரு வருஷம் கேஸ் சிலிண்டர் சமையலறையை விட்டுக் கூடத்துக்கு மிதந்து வந்து எங்களைப் பார்த்தது. வானத்தில் ஒரு கறுப்பு மேகம் தெரிந்தாலே நான் சவாரியைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுகிறவன். எனக்கு மாடி வீடு என்பது சொகுசு இல்லை, மருந்து.

ஆகவே குடியேறினோம். ஐப்பசி வரைக்கும் பரீட்சை.

நான் குடியைக் குறைத்த கதையும் இந்தப் பயத்தில்தான் வருகிறது. குடித்தால் கவலை போகும் என்பார்கள். போகும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் தன் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வரும். நேற்று யாரிடம் என்ன பேசினேன்? யாரையாவது திட்டினேனா? எழுந்ததும் ஒவ்வொருவனுக்காய் போன் போடுவேன். “நேத்து நான் எதுனா தப்பா பேசிட்டேனா?” என்று கேட்பேன். ஒரு திங்கட்கிழமை என் நண்பன், பெயின்டர் வேலை செய்பவன், “இன்னா மாமே, நெசமாவே ஞாபகம் இல்லியா? ஐயோ… சரி வுடு, நேர்ல பேசிக்கலாம்” என்று போனை வைத்துவிட்டான்.

அன்று முழுக்க ஷேர் ஆட்டோவை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. கரையான்சாவடியில் இறங்க வேண்டியவர்களைத் தாண்டிப் போய் இறக்கினேன். சாயந்தரம் அவன் சொன்னான்: “மல்லாட்டையில உப்பு கம்மின்னு சொன்ன மாமே. ரெண்டு தபா சொன்ன. அவ்ளோதான்.”

வேர்க்கடலை உப்புக்குத்தான் அன்று முழுக்க நான் பயந்திருக்கிறேன். அவன் சிரித்தான். நான் அன்றோடு வாராந்திரக் குடியை நிறுத்தினேன்.

முழுசாக ஏன் விடவில்லை என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். முழுசாக விட்டேன் என்று சொல்லிவிட்டு என்றைக்காவது ஒரு கல்யாணத்தில் ஒரு பீர் குடித்தால் பொய்யன் ஆகிவிடுவேனே, அந்தப் பயம்தான். ஆனால் நம் ஊரில் ‘குறைத்துவிட்டேன்’ என்பதற்கு இடமே கிடையாது. குடிகாரன் ஒரு பக்கம், உத்தமன் ஒரு பக்கம். நடுவில் நிற்கிறவனை இரண்டு பக்கமும் நம்பாது.

நண்பர்கள் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு மேல் நாங்கள் நாலு பேர் என் ஆட்டோவிலேயே குத்தம்பாக்கம் தாண்டிப் போவோம். மனை பிரித்துக் கல் நட்டு இன்னும் வீடு எழும்பாத இடம், ஒரு வேப்பமரம். முதல் வாரம் நான் பன்னீர் சோடாவைத் திறந்ததும் வெல்டர் வேலை செய்யும் நண்பன் எழுந்தே நின்றுவிட்டான்.

“இன்னா மாமே, மாலை கீலை போட்டுக்கீறியா?”

“சித்திரை வெயில்ல ஏதுடா மாலை?”

“அப்ப மாத்திரை சாப்டுகினு கீற.”

“அதெல்லாம் ஒண்ணியும் இல்ல. சும்மா கொறச்சிட்டேன்.”

“சும்மா எவன்டா கொறப்பான்?” வெல்டர் குரலைத் தாழ்த்தினான். “லிவரா? எங்ககிட்ட சொல்றதுக்கு இன்னா மாமே. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறோம்.”

மாலை போட்டவனை விட்டுவிடுவார்கள். மாத்திரை சாப்பிடுகிறவனைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். காரணமே இல்லாமல் பன்னீர் சோடா குடிக்கிறவனைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டு வாரம் எனக்கு ஆரஞ்சுப் பழம்கூட வாங்கி வந்தார்கள். மூன்றாவது வாரம் வேறு குறை கண்டுபிடித்தார்கள். சோடா குடிக்கிறவனுக்குக் கை சும்மா இருக்காது. அவர்கள் ஒரு டம்ளரைப் பிடித்துக்கொண்டு குடும்பக் கதை பேசி முடிப்பதற்குள் நான் சுண்டல், கடலை, வறுவல் எல்லாவற்றையும் காலி பண்ணிவிடுவேன்.

“மாமே, நீ பழையபடி குடிச்சிரு” என்றான் பெயின்டர். “கட்டுப்படியாவல.”

சாயந்தரம் வீடு திரும்பினால் எங்கள் மாடிப்படியின் உச்சிப் படியில் என் மனைவி நிற்பாள். ரோட்டில் போலீஸ்காரர் கேட்பது மாதிரியே கையை நீட்டி, “எங்க, ஊது” என்பாள். நான் ஊதுவேன். “பாஸ். வெங்காயத்தக் கொறச்சிக்கோ” என்று வழிவிடுவாள். கீழே வீட்டுக்காரம்மா துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இதைப் பார்ப்பார். ஐப்பசி நெருங்க நெருங்க அவர் மனசில் என்ன கணக்குப் போடுகிறார் என்று நான் மேலே இருந்து எட்டி எட்டிப் பார்ப்பேன்.

ஆனால் ஆபத்து வந்த திசை வேறு. கூட்டத்தில் நிதானமாக இருப்பவன் நான் ஒருவன்தான். ஆகவே மற்ற மூன்று பேரையும் வீட்டு வாசலில் கொண்டு இறக்குவது என் வேலை. இருட்டுவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்பது என் சட்டம், வழியெல்லாம் பள்ளம் என்பதால். அதனால் தெருவே வாசலில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் நான் ஒருவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு போவேன். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புரட்டாசியில் ஒரு நாள் பெயின்டரின் மனைவி வாயைத் திறந்தாள்.

“வாய்யா வா. வாரா வாரம் ஊட்டாண்ட வந்து இட்டுகினு போய் ஊத்தி வுட்டு, மூட்டையாட்டம் எறக்கிட்டுப் போறியே, உனக்கே நல்லாக்கீதா?”

“நான் எங்கம்மா ஊத்தினேன்? நான் அங்க குடிக்கறதே இல்ல.”

“குடிக்கறது இல்லியா? இது இன்னா சொல்லுது கேளு.”

தோளில் சாய்ந்திருந்தவன் தலையைத் தூக்கினான். “நான் வேணாம்னுதான் சொன்னேன். இவன்தான் வுடல” என்று தெளிவாகச் சொல்லிவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டான்.

பிறகுதான் தெரிந்தது, மூன்று பேருமே வீட்டில் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். பேசி வைத்துக்கொண்டு இல்லை, அவரவர் சொந்த மூளையால். யார் மேலாவது பழி போட வேண்டும், வாசலில் நிற்கிறவன் நான்.

“அது கெடக்குது, இது மட்டும் சொல்லு” என்றாள் அவள். “அது இப்டி கொழகொழன்னு கீது. நீ மட்டும் எப்டிய்யா ஸ்டெடியா நிக்கற? எவ்ளோ குடிச்சாலும் உனக்கு ஏறவே ஏறாதா?”

அந்தப் பேச்சு தெருத் தெருவாகப் போனது. நான் நேராக நடப்பதே என் மேல் சாட்சியாகிவிட்டது. ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவன் எனக்கு ‘டேங்கர்’ என்று பேர் வைத்தான். நான் கொஞ்சம் தள்ளாடி நடந்தால் மரியாதை திரும்பக் கிடைக்குமோ என்றுகூட யோசித்தேன்.

ஐப்பசி பிறக்க ஒரு வாரம்கூட இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரையும் இறக்கிவிட்டு வந்து மாடிப்படி ஏறுகிறேன். மேலே மனைவி கை நீட்டுவதற்குள் கீழே கேட் சத்தம். பெயின்டரின் மனைவியும் வெல்டரின் மனைவியும் வந்து நிற்கிறார்கள்.

“ஆட்டோ ஓட்டறவரு ஊடு இதானே?”

“என்ன விசயம்?” என்று வீட்டுக்காரம்மா துளசிக்குத் தண்ணீர் ஊற்றிய செம்பைக் கீழே வைத்தார்.

“எங்க ஊட்டு ஆம்பளைங்கள வாரா வாரம் இட்டுகினு போய்க் குடிக்க வெக்கறாரும்மா. அவரு சம்சாரத்தாண்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்.”

வீட்டுக்காரம்மா திரும்பித் தகரப் பலகையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். “தம்பி, கீழ வாங்க.”

இறங்கும் ஒவ்வொரு படியிலும் நான் ஒரு சாமானைக் கட்டினேன். முதல் படியில் பாத்திரம், அடுத்த படியில் துணிமணி, அதற்கடுத்து தையல் மிஷின். கடைசிப் படியில் கேஸ் சிலிண்டர் மிதந்து வந்துவிட்டது.

என் மனைவி எனக்குப் பின்னாலேயே இறங்கி வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தப் பெண்களிடம், “நீங்களே மோந்து பாருங்க” என்றாள். என் பக்கம் திரும்பி, “எங்க, ஊது.”

அவர்கள் இரண்டு பேரும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். பிறத்தியார் புருஷன் ஊதுவதை யார் மோந்து பார்ப்பார்கள்? எனக்கோ வெட்கத்தில் மூச்சே வரவில்லை.

வீட்டுக்காரம்மாதான் முன்னால் வந்தார். “எம் பக்கம் ஊதுங்க. குவார்ட்டர்ஸ்ல இருந்தவளுக்குத் தெரியாத வாடையா?”

ஊதினேன். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

“பட்டாணிச் சுண்டல்” என்றார். “மாங்கா. வெங்காயம். பூண்டு ஊறுகா.” கொஞ்சம் நிறுத்தி, “பன்னீர் சோடா” என்று முடித்தார். “கறி வாட இல்ல.”

“புரட்டாசிம்மா” என்றேன்.

“அப்ப அவங்க?”

“அவங்களும் கறி தொடல.”

“சரக்குக்குப் புரட்டாசி கெடையாதாக்கும்” என்றார் வீட்டுக்காரம்மா. என் மனைவி சிரித்துவிட்டாள். வெல்டரின் மனைவியும் முந்தானைக்குள் சிரித்தாள். பெயின்டரின் மனைவி மட்டும் விடவில்லை.

“அப்ப எப்டிம்மா அவரு மட்டும் அவ்ளோ ஸ்டெடியா நிக்கறாரு?”

“குடிக்கலன்னா நேராத்தாம்மா நிப்பாங்க.”

இந்தக் கோணம் அதுவரை யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. அவள் என்னைப் புதிதாகப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் மனசு கேட்கவில்லை. “ஆவணியில ஒரு கல்யாணத்துல ஒரு பீர் குடிச்சேம்மா” என்றேன். அதே முழங்கையில் அதே கிள்ளு.

“பாட்டில எங்க போட்டீங்க?” என்று கேட்டார் வீட்டுக்காரம்மா.

“மண்டபத்துலயே வெச்சிட்டு வந்துட்டேம்மா.”

“சரி.” செம்பைக் கையில் எடுத்துக்கொண்டார். “உங்களுக்கு முன்னாடி மாடியில இருந்தவங்க எல்லாருமே தொடவே மாட்டோம்னு சத்தியம் பண்ணவங்கதான். காலி பண்ணிட்டுப் போன பெறவு தண்ணித் தொட்டிக்குப் பின்னால இருந்து பாட்டிலா எடுத்தேன். எப்பவாச்சும்னு சொன்ன ஒரே ஆள் நீங்கதான். அதுக்காவத்தான் வீடு குடுத்தேன். இருங்க.”

‘இருங்க’ என்றால் நில்லுங்கள் என்கிறாரா, வீட்டில் இருந்துகொள்ளுங்கள் என்கிறாரா என்று நான் அங்கேயே நின்றேன். மனைவிதான் கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போனாள். மேலே போனதும் சொன்னாள்: “மழைக்கு மிஷின எங்கயும் தூக்க வேணாம்.”

அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் சேர்ந்து ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். நான் கூடப் போனால்தான் அவர்கள் வீட்டு ஆம்பளைங்க போகலாம். நான் போகாத வாரம் யாருக்கும் வெளியே போக உத்தரவு கிடையாது. பழி கேட்ட வாசலிலேயே எனக்குக் காபி கிடைத்தது.

ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. குத்தம்பாக்கம் வழியில் எது ரோடு, எது குட்டை என்று தெரியவில்லை. ஆட்டோ கவிழ்ந்தால் என்ன ஆவது, மின்கம்பி அறுந்து கிடந்தால் என்ன ஆவது என்று நான் ஆட்டோவை எடுக்கவே இல்லை. வாரா வாரம் பெயின்டர் போன் பண்ணுவான்: “மாமே, உன் கவலையால எங்க தொண்டையே காஞ்சி போச்சி.” நான் மாடி ஜன்னல் வழியாகத் தெருவில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “வேணாம்டா, வானம் இன்னும் தெளியல” என்பேன். வாழ்க்கையில் முதல்முறையாக மழையை வேடிக்கை பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் மூன்று பேரும் குடை பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மனைவி பஜ்ஜி போட்டாள். சாயந்தரம் வரைக்கும் சீட்டாடினோம். தட்டை யார் காலி பண்ணினது என்று இந்த முறை யாரும் சண்டை போடவில்லை. எல்லாருமே சேர்ந்துதான் காலி பண்ணினோம்.

கிளம்பும்போது பெயின்டர் முன்னால் இறங்கினான். கேட்டருகே வீட்டுக்காரம்மா ஒரு கையில் குடையோடு நின்றார். மறு கையை நீட்டினார்.

“ஊதுங்க.”

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். வருவதற்கு முன்னால் வழியில் எங்கேயாவது ஒதுங்கிவிட்டு வந்திருப்பானோ என்று எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. அவன் நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை நன்றாக இழுத்து, ஊதினான்.

வீட்டுக்காரம்மா கண்ணை மூடி யோசித்தார். “வாழக்கா பஜ்ஜி” என்று சொல்லிவிட்டு கேட்டைத் திறந்துவிட்டார்.