முன் சீட்டில் ஏணி

அந்தக் காரில் முன் சீட் ஏணிக்கு. தாலி கட்டிய கணவருக்குப் பின் சீட். இதில் வருத்தம் உண்டா என்று யாராவது வாயைக் கிளறினால், "முதலாளிங்க எல்லாம் பின்னாடிதான்யா உக்காருவாங்க" என்று சிரிப்பார். உண்மையில் முதலாளி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். அவர் ஏணியைப் பிடிக்கும் ஆள்.

அவர் மனைவி திரைச்சீலை தைப்பவள். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, தைத்து, கம்பி அடித்து, தானே ஏணியில் ஏறி மாட்டிக் கொடுத்துவிட்டு வருவாள். திரைக்காரம்மா என்றால் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். வீடுகளுக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் அந்த ஏணிக்குக் கீழே நிற்க ஆரம்பித்தார். கார் ஓட்ட அவருக்கு வராது. ஒருமுறை கற்றுக்கொள்ளப் போய், எதிரே வந்த லாரியைப் பார்த்துக் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். வண்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

கார் சிறியது, பழையது. இரண்டு கை மாறி வந்ததை அவள் தன் தையல் காசில் வாங்கினாள். அதற்கு முன்னால் துணி மூட்டையோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் அவளை ஒரு முறை, மூட்டையை ஒரு முறை முறைப்பார். வேலை கொடுத்த கடைக்காரர் அவளை "கூலிக்குத் தைக்கிற பொம்பளை" என்றுதான் அடுத்தவரிடம் சொல்வார். கார் வந்தது; கடைக்காரரின் தயவு போதும் என்று அவள் தன் பெயரிலேயே வேலை எடுத்தாள். முன் சீட்டைச் சாய்த்துப் படுக்கப் போட்டால் மடக்கு ஏணி டேஷ்போர்டிலிருந்து பின்கதவு வரை அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்காரும். மிச்ச இடத்தில் துணி. அதிலும் மிச்சத்தில் அவர், மடியில் துளை போடும் மெஷினோடு. பெரிய வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் சந்தில் அது புகுந்து வாசலிலேயே போய் நிற்கும். அப்படி நிற்கும்போது பின் சீட்டில் அவருக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருக்கும்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகன் அதைத் தகர டப்பா என்பான். "அம்மா, அதை எடைக்குப் போட்டுட்டுப் புதுசா எடுத்துக்க, நான் வாங்கித் தர்றேன்" என்பான்.

"நீ காலேஜுக்குப் போனது எதுலடா?" என்பாள் அவள். பேச்சு அத்தோடு முடியும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே.

அந்தப் பொன் குஞ்சுக்கு ஒரு குணம் உண்டு. விட்டால் இடது பக்கம் போய்விடும். வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். அதனால் ஸ்டியரிங்கை எப்போதும் கொஞ்சம் வலப்பக்கம் இழுத்துப் பிடித்தே ஓட்டுவாள். அப்போது அவளுடைய வலது தோள் சற்றே இறங்கியிருக்கும். அவருக்கு அந்தத் தோள் அத்துப்படி. பின்னால் உட்கார்ந்து வேறு எதைப் பார்ப்பார்?

பழைய வண்டிகளுக்கான தகுதிச் சோதனையில் அந்தக் குணம்தான் மாட்டிக்கொண்டது. "வண்டி நேரா போகலைம்மா. சரி பண்ணிட்டு வாங்க. அடுத்த தடவையும் இப்படியே இருந்தா நம்பர் பிளேட்டைக் கழட்டிடுவோம்" என்றார் அதிகாரி. பிளேட் போனால் வண்டி நேராகப் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

அன்று வீட்டில் தையல் மெஷின் மட்டும் பேசியது. சாப்பிடும்போது அவர், "பையன் வாங்கித் தர்றேங்கிறான். அதுலயும் ஏணி போகும்" என்று சொல்லிப் பார்த்தார்.

"போகும். ஆனா அது என்னோடது இல்லீங்க" என்றாள்.

மெக்கானிக்கை எல்லாரும் டாக்டர் என்பார்கள்; பேச்சும் அப்படித்தான் இருக்கும். அவர் வண்டிக்கு அடியில் படுத்து, தேய்ந்ததை எல்லாம் மாற்றி, சக்கரங்களை நேர்படுத்திக் கொடுத்தார். "பேஷண்ட் தேறியாச்சும்மா. இனிமே ரயில் மாதிரி போகும்."

மறுசோதனைக்கு வண்டி காலியாக வர வேண்டும் என்பதால் ஏணியை வீட்டிலேயே விட்டார்கள். முன் சீட் நிமிர்ந்து காலியாக இருந்தது. அவர் பழக்க தோஷத்தில் பின்கதவைத் திறந்து ஏறினார். கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே கார் வலப்பக்கம் ஒதுங்கியது. எதிரே வந்த ஸ்கூட்டர்க்காரர் திட்டிக்கொண்டே போனார்.

"ஏம்மா, இப்ப அந்தப் பக்கம் இழுக்குதா?"

"அந்தக் கோணலை எடுக்கச் சொன்னா டாக்டர் இந்தக் கோணலை வச்சு அனுப்பிட்டாரு" என்றாள்.

அவர் வழக்கம்போல் அவள் தோளைப் பார்த்தார். அது இறங்கியே இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நிஜமாகவே கோணலாகத்தான் இருந்தது. அந்தக் கோணலிலேயே ஆடிப் பழகியவள் இவள். இப்போது கூடத்தை நிமிர்த்திவிட்டார்கள். சொல்லலாம் என்று அவர் வாயெடுத்தார். லாரியைப் பார்த்து இறங்கி ஓடியவன் இவளுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுப்பதா என்று வாயை மூடிக்கொண்டார்.

சோதனைத் தளத்தில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. அதன் மேலேயே வண்டி போக வேண்டும். அவரை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அவள் ஓட்டினாள். பாதி தூரத்தில் கார் கோட்டை விட்டு வலப்பக்கம் நழுவியது. அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "இன்னும் ஒரே ஒரு தடவை பாருங்கம்மா. அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் வண்டியைத் திருப்பிக் கோட்டின் தொடக்கத்துக்குக் கொண்டு வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது அவருக்கு வேலியிலிருந்தே தெரிந்தது. கார் நகர்ந்தது. தோள் இறங்கியது. இதற்கு மேல் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா! வண்டி சரியாயிடுச்சு! உன் கைதான் இன்னும் இழுக்குது! கையை விடு!"

ஏணியில் அவள் நிற்கும்போதெல்லாம் "நல்லா புடிச்சுக்க" என்று மட்டுமே சொல்லிப் பழகிய வாய் அது. விடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவளும் கீழேயிருந்து வரும் அந்தக் குரலை நம்பாமல் ஓர் ஆணிகூட அடித்ததில்லை.

அவள் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துத் தூக்கினாள்.

கார் கோட்டின் மேலேயே போனது. மெல்ல, நேராக, கடைசி வரைக்கும். தூக்கிய கையை இறக்காமல் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். அதிகாரி முதலில் பதறி, பிறகு அவரும் சிரித்துவிட்டார். "போதும்மா, பிரேக்கைப் போடுங்க. பாஸ்!" கணவருக்கோ அங்கே நின்ற வண்டிக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு, அது என் பொண்டாட்டி என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவரிடம் சொல்லியும் விட்டார்.

திரும்பும்போது அவள் காலியாக இருந்த முன் சீட்டைத் தட்டி, "இங்க வாங்களேன்" என்றாள்.

"வேண்டாம். இங்கேருந்துதான் எனக்கு எல்லாம் தெரியுது" என்று அவர் பின்னாலேயே ஏறிக்கொண்டார்.

பாதி வழியில் மகன் போன் செய்தான். "என்னப்பா, டப்பா பாஸாயிடுச்சா?"

"டப்பா நேத்தே பாஸுடா, டாக்டர் கையில. இன்னிக்குப் பாஸானது உங்கம்மா" என்றார் அவர். முன்னால் அவளுடைய இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன.