மாரித்தாயைக் கேட்டவர்

என் வீட்டுக்காரர் மாசிலாமணிக்குத் தபால் கொடுப்பது வேலை, கேள்வி கேட்பது வியாதி. தென்காசியில் கடிதக் கட்டை வாங்கிக்கொண்டு குற்றாலத்துக்கு மூன்று மைல் நடந்து வருவார். வழியில் மாடு மேய்க்கிறவனைக் கண்டால், மாட்டுக்கு மேல்வரிசையில் ஏன் முன்பல் இல்லை என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார். கல்யாணமான மறுநாளே என்னிடம், "ரசம் கொதிச்சா ஏன் ருசி போயிருது?" என்று கேட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

நாங்கள் சகோதரர் சபைக்காரர்கள். எங்களுக்குப் பாதிரியார் கிடையாது, மூப்பர்கள்தான் சபையைப் பார்த்துக்கொள்வார்கள். தென்காசியில் பெரிய சபை, மூன்று மூப்பர்கள். குற்றாலத்தில் நாங்கள் பதினெட்டுப் பேர் ஒரு வாடகை அறையில் கூடினோம், மூப்பர் யாரும் இல்லை. 1937-ல் அதுவே பெரிய வழக்காகிவிட்டது. வேதத்தில் ஓரிடத்தில் பட்டணந்தோறும் மூப்பரை ஏற்படுத்தச் சொல்லியிருக்கிறது, குற்றாலமும் எங்கள் பட்டணத்தில் அடக்கம் என்றார்கள் தென்காசிக்காரர்கள். இன்னோரிடத்தில் சபைதோறும் என்றிருக்கிறதே என்றார்கள் எங்கள் ஆண்கள். பெண்கள் என்ன நினைத்தோம் என்பது யாருக்கும் தெரியாது. சபையில் நாங்கள் முக்காடு போட்டு வாய் திறக்காமல் இருக்க வேண்டும் என்பது ஒழுங்கு.

இவருக்கோ தீனி கிடைத்த மாதிரி ஆயிற்று. தென்காசிப் பட்டணம் எங்கே முடிகிறது என்று எல்லைக்கல்லைத் தேடி ஒரு நாள் மத்தியானம் முழுக்க வெயிலில் அலைந்தார். அகப்பட்டது ஒரு மைல்கல்தான்.

அந்த ஆடியில் தென்காசி மூப்பர்கள் எங்கள் சபைக்கு ஒரு கடிதம் போட்டார்கள். அதைக் கொண்டுவந்து கொடுத்தவரும் இவர்தான். ஆடி அமாவாசை அன்று விடியலில் எங்கள் சபையைச் சேர்ந்த மாரித்தாய் அருவியில் குளித்ததைத் தென்காசிச் சகோதரர் ஒருவர் பார்த்தாராம். செத்தவர்களுக்காகக் குளிக்கிற நாளில் குளித்தவளுக்கு இனி இராப்போஜன அப்பம் கொடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தது.

மாரித்தாய் சீசனுக்கு வருகிறவர்களுக்கு இட்லி விற்கும் விதவை. ஞானஸ்நானத்தில் மார்த்தாள் என்று பெயர் வைத்தார்கள், ஒருவரும் அப்படிக் கூப்பிடவில்லை. வாரம் முழுக்க அடுப்பில் வேகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் அந்த ஒரு துண்டு அப்பமும்தான் எல்லாம்.

எண்ணெய்க்கடை ஆரோன் அண்ணாச்சி குதித்தார். "குத்தாலத்துல இருந்துக்கிட்டு அருவியில குளிக்காம எங்கன குளிப்பா? நம்மள்ல எவன் வீட்டுல கெணறு இருக்கு? இதுக்குத்தான் நம்ம மூப்பர் நம்ம ஆளா இருக்கணுங்கேன்!" எல்லாரும் ஆமாம் போட்டார்கள். அந்த ஞாயிறே என் வீட்டுக்காரரை மூப்பராக்குவது, தென்காசிக்குப் பதில் எழுதுவதுதான் இவருடைய முதல் வேலை என்று முடிவாயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அவளைக் கேட்டியளா?" என்றார் இவர்.

யாரும் கேட்கவில்லை. தென்காசியிலும் கேட்கவில்லை, இங்கேயும் கேட்கவில்லை. விதவை வீட்டுக்குத் தனியாகப் போகக் கூடாதென்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

மாரித்தாய் மாவாட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவாமலே சொன்னாள்.

"எம் புருசனுக்குத்தான் தல நனச்சேன், அண்ணாச்சி. அவுக ஞானஸ்நானம் வாங்காமப் போயிட்டாவ. ஊருல உள்ளவுக எல்லாம் செத்தவுகளுக்குத் தண்ணி விடுதாவ. எங்களுக்குப் புள்ள இல்ல. எம் மனுசன் தாகத்தோட நின்னா யாரு குடுப்பா?"

நான் அழுதுவிட்டேன். இவர் ஆட்டுரல் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"சபையில என்ன சொல்லட்டும், தாயி?"

"உள்ளதச் சொல்லுங்க. சும்மா குளிச்சேன்னு சொல்லி வாங்குனா எனக்குத் தொண்டையில எறங்காது."

ஞாயிற்றுக்கிழமை இவர் எழுந்து உள்ளதைச் சொன்னார். முதலில் வாய் திறந்தவர் ஆரோன் அண்ணாச்சிதான்.

"அப்போ தென்காசிக்காரவுக எழுதுனது சரிதான?"

"அவ நம்மகிட்ட பொய் சொல்லலியே. பெறகு எதுக்குத் தள்ளுதிய?" என்றார் இவர்.

போன வாரம் அவளுக்காகக் குதித்தவர்கள்தான் இந்த வாரம் அவளை விலக்கினார்கள். மூப்பர் தென்காசியிலிருந்து வந்திருந்தாலும் அவளுக்கு இதேதான் நடந்திருக்கும். இவரை மூப்பராக்கும் பேச்சை அன்று யாரும் எடுக்கவில்லை, பிறகும் எடுக்கவில்லை.

அப்பத்தட்டு பெண்கள் பக்கம் வந்தது. எனக்குக் கொடுத்தார்கள். பக்கத்திலிருந்த மாரித்தாயைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். அவள் முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். தட்டு ஆண்கள் பக்கம் போயிற்று. இவர் தம் துண்டைப் பிட்டுக்கொண்டு எழுந்தார். எல்லாரும் பார்க்க அறையைக் கடந்து எங்கள் பாய்க்கு வந்தார். துண்டை இரண்டாகப் பிட்டுப் பாதியை மாரித்தாயின் கையில் வைத்துவிட்டு, மறுபாதியைத் தம் வாயில் போட்டுக்கொண்டார்.

அவள் வீட்டில் உட்கார்ந்து அழுதவள் நான். அவளைத் தள்ளியதையும் காதால் கேட்டவள். ஆனாலும் தட்டு வந்ததும் கையை நீட்டி வாங்கிவிட்டேன். இவர் எங்கள் முன்னால் வந்து நின்றபோது, என் பங்கை நான் முழுசாக விழுங்கியிருந்தேன்.