செருப்பைக் கழற்றச் சொல்பவர்

மாதம் ஒருமுறை வீட்டுக்கே வந்து எனக்குச் சர்க்கரை நோய் மாத்திரை கொடுக்கும் சுகாதாரப் பணியாளர் அவர். தோளில் கனத்த பை, கம்பைநல்லூர் வெயிலில் கறுத்த முகம், நடையில் எப்போதும் அவசரம். வந்ததும் நம் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார். யாராயிருந்தாலும் செருப்பைக் கழற்றச் சொல்வார். மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் காலில் என்ன வேலை என்று எனக்கு எரிச்சலாக வரும்.

சித்திரையில் அவர் வந்தபோது பெருமையாகச் சொன்னேன்.

"நேத்து உச்சி வெயில்ல வெறுங்கால்லயே தீர்த்தமலை ஏறுனேங்க. அவனவன் கல்லு சூட்டுல துள்ளுறான், எனக்குச் சுடவே இல்ல. எல்லாம் சாமி புண்ணியம்."

அவர் சிரிக்கவில்லை.

"ஒக்காருங்கண்ணா."

என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. உள்ளங்காலில் இரண்டு கொப்புளங்கள் இருப்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"கண்ண மூடிக்குங்க. நான் தொடுறப்பல்லாம் சொல்லுங்க."

மூடிக்கொண்டேன். பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது. தெருமுனையில் டவுன் பஸ் வந்து நின்று கிளம்பிப் போனது. பையில் எதையோ தேடுகிறார் போலிருக்கிறது என்று காத்திருந்தேன்.

"ம், ஆரம்பிங்க" என்றேன்.



"ரெண்டு காலயும் தொட்டு முடிச்சிட்டேங்கண்ணா."

கண்ணைத் திறந்தேன். அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

மறுநாளே என்னைத் தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போகவைத்தார். இப்போதெல்லாம் அவர் வரும் நாளில், சொல்வதற்கு முன்பே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கண்ணை மூடத்தான் பயமாக இருக்கிறது.