இறக்கிய கொடி

சட்டைத் தொழிற்சாலையின் செக்கிங் பகுதியில் எல்லோரும் அவளை நூலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சட்டையில் தையல் அரை நூல் விலகியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்குப் பின்னால் வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலில் ஏதாவது ஒரு மெஷின் தையல் விட்டால், திரும்பிப் பார்க்காமலே, "மூணாவது வரிசை, ஜன்னல் ஓரம்" என்பாள். மெக்கானிக் ஸ்பானரோடு போய்ப் பார்ப்பார். அதுவாகத்தான் இருக்கும்.

அந்த மெக்கானிக்கைத்தான் கட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஃபுட்பால் ரெஃப்ரி. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள் தங்களுக்குள் நடத்தும் லீக் அது. கல்யாணமான இரண்டாவது மாதம் கோட்டோரம் கொடி பிடிக்கும் லைன்ஸ்மேன் ஒருவர் மாடிப்படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். வேறு ஆள் அகப்படவில்லை. சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அவளுக்குப் பாடம் நடந்தது.

"இந்தப் பக்கம் பதினொரு பேரு, அந்தப் பக்கம் பதினொரு பேரு. கோல்கீப்பரைத் தவிர யாரும் பந்தைக் கையால தொடக்கூடாது. எதிராளி கோலுக்குள்ள பந்தைத் தள்ளணும். அவ்வளவுதான் ஆட்டம்."

"இதுக்கு எதுக்குங்க கொடி?"

"பந்து கோட்டைத் தாண்டினா தூக்கணும். ஆஃப்சைடுன்னா தூக்கணும். அதுதான் உயிரை வாங்கும்."

செம்பைக் கோல்கீப்பராக வைத்தார். அதற்கு முன்னால் ஒரு டம்ளர். செம்புக்கும் டம்ளருக்கும் நடுவில் உப்பு ஜாடி.

"டம்ளர் தடுக்கிறவன். ஜாடி, கோல் போட வந்தவன். ஜாடியோட ஆளு தூரத்துலேருந்து பந்தை உதைச்சு விடறான். உதைக்கிற அந்த நொடியில ஜாடி இப்படி டம்ளரைத் தாண்டி நின்னா ஆஃப்சைடு. கோல் விழுந்தாலும் செல்லாது."

"நின்னா என்னவாம்?"

"எல்லாரும் கோல்கிட்டயே போய்க் குடித்தனம் பண்ணிடுவாங்கல்ல?"

அவள் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "உதைக்கிறவன் அங்க இருக்கான். ஜாடி இங்க இருக்கு. ஒரு கண்ணு அங்க, ஒரு கண்ணு இங்கயா?"

பல வருடங்களாக விசில் ஊதியவர். ஜாடியையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாள் மைதானத்தில் அவளே கண்டுபிடித்தாள். கண் தடுப்பவர்களின் வரிசையை விட்டு நகரக்கூடாது. உதைப்பதைக் காது பார்த்துக்கொள்ளும். தொழிற்சாலையில் தினமும் செய்வதுதான்.

அடுத்த வாரமும் அவளையே கூப்பிட்டார்கள். பிறகு கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

ஒரே ஒரு தொல்லை. லைன்ஸ்மேன் கொடி தூக்கினாலும், பந்து எப்படியும் கோல்கீப்பர் கைக்குத்தான் போகிறதென்றால் ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தமாட்டார். கொடியை இறக்கச் சொல்லிக் கையசைப்பார். மெக்கானிக் கையசைத்ததும், மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் கும்மாளம்.

"வீட்டுலயும் இப்படித்தான் அடக்குவீங்களா சார்?"

"வீட்டுல விசில் அவங்க கையிலடா, இங்கதான் இவரு!"

அதனால் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவர் கையசைக்கமாட்டார். இடது மணிக்கட்டில் கடிகார வாரைத் தொடுவார். பார்த்துவிட்டேன், இறக்கு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். வேறு யாருக்கும் தெரியாது. ஒன்பது வருடம் அவர் வாரைத் தொட்டார், அவள் இறக்கினாள்.

அந்த வருட இறுதி ஆட்டத்துக்கு மேல்மட்டச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் நோட்டுப் புத்தகங்களோடு வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். மெக்கானிக்கை அடுத்த கிரேடுக்கு எடுக்கலாமா என்று பார்ப்பதற்கு. இரண்டு முறை தவறிப்போயிருந்தது. அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவார். காலையில் அவருடைய கறுப்புச் சட்டையை அவள்தான் இஸ்திரி போட்டாள்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. உதைக்கும் சத்தம் கேட்டது. சாயப்பட்டறை அணியின் முன்வரிசைக்காரன் தடுப்பவர்களை இரண்டு முழம் தாண்டி நின்றான். கொடி மேலே போனது. பந்து நேராகக் கோல்கீப்பரிடம் உருண்டது. ரெஃப்ரி அவளைப் பார்த்தார், வாரைத் தொட்டார். அவள் இறக்கினாள். கோல்கீப்பர் குனிந்தார். பந்து கை நழுவியது. முன்வரிசைக்காரன் ஓடிவந்து உள்ளே தள்ளினான்.

விசில் ஊதினார். ஆஃப்சைடு கொடுக்கப்போகிறார் என்று அவள் நின்றாள். அவர் பந்தலை ஒரு தடவை பார்த்தார். இப்போது ஆஃப்சைடு கொடுத்தால், அவசரப்பட்டுக் கொடியை இறக்கச் சொன்னது அந்த நோட்டுப் புத்தகங்களில் ஏறிவிடும். பிறகு நடுவட்டத்தைக் காட்டினார். கோல்.

தோற்ற அணி சும்மா விடவில்லை. புதன்கிழமை லீக் அலுவலகத்தில் விசாரணை. கோப்பை அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செயலாளர், யாரோ கைபேசியில் எடுத்த படத்தை ஓடவிட்டார். கொடி ஏறியது, இறங்கியது. ரெஃப்ரி படத்தில் இல்லை.

"தூக்கினதும் நீங்கதான், இறக்கினதும் நீங்கதான். ரெஃப்ரி இறக்கச் சொன்னாரா? நீங்களா இறக்கினீங்களாம்மா?"

சொன்னாரென்றால் தப்பு அவருடையது. தானாக இறக்கினாளென்றால் அவளுடையது. அவள் கணவரைப் பார்த்தாள். எதிர் நாற்காலியில் இருந்தவர் மெதுவாகக் கடிகார வாரைத் தொட்டார்.

"நானாத்தான் இறக்கினேன் சார்" என்றாள்.

சொல்லிவிட்டு அவர் பேசுவதற்காகக் காத்திருந்தாள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

அவர் தொண்டையைச் செருமினார். "சில சமயம் அவங்களுக்குச் சந்தேகம் வந்துடும் சார். வாரம் பூரா வேலை. களைப்பு."

அவளை அவர் 'அவங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

கோல் செல்லுபடியானது. அடுத்த சீசன் முழுக்க அவள் கொடி பிடிக்கக்கூடாது என்று தீர்ப்பு. வீட்டில் செருப்பைக் கழற்றும்போது அவர்தான் ஆரம்பித்தார்.

"நீ ஒரு வருஷம் கொடி பிடிக்கலேன்னா என்ன, குடியா முழுகிடும்? எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. உனக்கே தெரியும்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

"கேக்கற இடமா அது?"

"வாரைத் தொட மட்டும் இடம் இருந்துச்சு."

அவர் தண்ணீர் குடிக்கப் போனார்.

செக்கிங் மேசையில், சட்டை மடிக்கும் பெண் கேட்டாள்: "என்ன நூலக்கா, நூல் அறுந்துடுச்சாமே?" எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். அதே வாரம் சூப்பர்வைசர் அவள் பார்த்து முடித்த பெட்டியைப் பக்கத்து மேசைக்கு நகர்த்தினார். "சும்மாத்தான். இன்னொரு தடவை பாத்துடட்டும்." பக்கத்து மேசைக்காரி மாலை வரை பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. மறுநாளும் பெட்டி நகர்ந்தது.

அவருக்குக் கிரேடு கிடைத்தது. புது பேட்ஜை அவரே சட்டையில் தைத்துக்கொண்டார். கோணலாக இருந்தது. அவள் சொல்லவில்லை.

புது சீசனின் முதல் ஞாயிறு அவளும் மைதானத்துக்குப் போனாள். வழக்கமான இடத்தில், ஆனால் கயிற்றுக்கு வெளியே, வேடிக்கை பார்ப்பவர்களோடு நின்றாள். புது லைன்ஸ்மேன் கிடங்கு குமாஸ்தா. வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கண் பந்து மேலேயே இருந்தது.

உதைக்கும் சத்தம் கேட்டது. முன்னால் நின்றவன் வரிசையை ஒரு முழம் தாண்டியிருந்தான். குமாஸ்தாவின் கொடி எழும்பவில்லை. அவளுடைய கை எழும்பியது. கையில் ஒன்றும் இல்லை.

பக்கத்தில் யாரோ, "பழக்கதோஷம்" என்று சிரித்தார். பந்து வலைக்குள் போனது.

நடுவட்டத்தைக் காட்டத் திரும்பிய ரெஃப்ரி அவளைப் பார்த்தார். ஒரு கணம் நின்றார். வலது கை இடது மணிக்கட்டுக்குப் போய் வாரைத் தொட்டது.

அவள் இறக்கவில்லை.

அவர் மறுபடி தொட்டார். கயிற்றோரம் நின்றவர்கள் முதலில் அவள் கையைப் பார்த்தார்கள். பிறகு கோல் போட்டவனை. பிறகு ரெஃப்ரியை. சிரிப்பு நின்றிருந்தது. ரெஃப்ரி பந்தை நடுவில் வைத்து விசில் ஊதினார். ஆட்டம் தொடங்கியது. அவள் தோளில் வலி தெரிய ஆரம்பித்தது.

பின்னாலிருந்து ஒரு குரல்: "அக்கா, கையை இறக்குங்க. மறைக்குது."

"கொஞ்சம் நகர்ந்து நில்லுங்க" என்றாள்.