ஆடாத மேசையில் ஒரு பரீட்சை

எழில்மதி பிளஸ் டூ படித்த வருஷம், அவளுடைய புத்தகப் பை ஏறினால் வெள்ளிமலை பஸ்ஸின் பின்பக்கம் ஒரு முழம் தாழும் என்று ஊரில் பேச்சு. ஒரு முழமெல்லாம் கிடையாது, அரை முழம்தான். ஊர்க்காரர்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

பையில் நான்கு ரெகார்டு நோட்டுகள் இருந்தன. இயற்பியலுக்கு ஒன்று, வேதியியலுக்கு ஒன்று, செடிகொடிக்கு ஒன்று, பூச்சிபுழுவுக்கு ஒன்று. அவை போக, பாடத்துக்கு ஒரு வீட்டுப்பாட நோட்டு. தினத் தேர்வுக்கு ஒரு நோட்டு. அதில் மார்க் குறைந்தால் அதே விடையை ஐந்து தரம் எழுதுவதற்கு ஒரு நோட்டு. அந்த ஐந்து தரத்தில் பிழை வந்தால் பத்து தரம் எழுதுவதற்கு இன்னொரு நோட்டு. சாப்பாட்டு டப்பாவுக்கு இடமில்லாமல் அதைக் கையில் பிடித்துக்கொண்டு போவாள்.

நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காகத்தான் மலையிலிருந்து இறங்கி, சங்கராபுரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் பிரிவில் சேர்ந்திருந்தாள். காலை ஆறு மணி பஸ், மாலை ஐந்தரை பஸ். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வீட்டுக்கு வந்தால் தண்ணீர் பிடிக்க வேண்டும், ஆட்டைக் கட்ட வேண்டும். ஆடி மாதத்திலேயே பெண்ணுக்குக் கொஞ்சம் கலங்கிவிட்டது. அம்மா குஞ்சம்மாள் ஒருநாள் அடுப்படியிலிருந்து, "உப்பு எடுத்தாடி" என்று கேட்டதற்கு, "எந்த உப்பும்மா? சோடியமா, அம்மோனியமா?" என்று கேட்டாள்.

"சாமி கும்பிட்டுத் துன்னூறு பூசுடி. கண்ணு ரெண்டும் எங்கியோ போய்க்கினு கீது" என்றாள் குஞ்சம்மாள்.

திருநீறு பூசியும் ரெகார்டு நிறையவில்லை. அப்புறம்தான் எழில்மதி பஸ்ஸிலேயே படம் வரைய ஆரம்பித்தாள்.

மலைப்பாதையில் மொத்தம் எத்தனை வளைவு என்று எண்ணின இரண்டு பேர் ஒரே எண்ணிக்கையைச் சொன்னது கிடையாது. அந்தப் பாதையில் மற்றவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வருவார்கள். மூன்றாவது வளைவுக்குள் யாராவது ஒருவர் தலையை வெளியே நீட்டியாக வேண்டும். எழில்மதிக்கு மட்டும் குமட்டல் என்பதே இல்லை. குமட்ட நேரம் ஏது?

முதல் வாரம் கோடெல்லாம் கோணலாகப் போயிற்று. இரண்டாவது வாரம் அவளுக்குப் பிடி கிடைத்தது. எந்த இடத்தில் எதை வரைவது என்பதில்தான் சூட்சுமம். நேர் ரோட்டில் இயற்பியல்: ஓம் விதிக்கு நேர்கோடு. தினமும் புளி விற்கப் போகும் ரங்கம்மாள் மூட்டை ஏற்றும் நிறுத்தத்தில் பஸ் ஐந்து நிமிஷம் நிற்கும். படத்துக்குப் பெயர் குறிப்பதெல்லாம் அங்கே. கரடுமுரடான இடத்தில் வயிற்றுப்போக்குக் கிருமி எண்டமீபா. அதற்குத்தான் இன்ன உருவம் என்று கிடையாதே, எப்படி இழுத்தாலும் அது எண்டமீபாதான். வளைவில் கதிர் அரிவாள் வடிவ ரத்த அணு. டிரைவர் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது பென்சிலைத் தாளில் வைத்தால் போதும், அரிவாள் தானாக விழும்.

பஸ்ஸில் அவளுக்கென்று மூன்றாவது சீட்டு. கண்டக்டர் தங்கதுரை வளைவுக்கு முன்னால் குரல் கொடுப்பார்: "பாப்பா, லெஃப்ட்டு ஒடிக்கிறான், இன்னா வரையப் போற?"

"அரிவாள் அணுண்ணே!"

"நல்லாக் கூரா வரை. நேத்து மொண்ணையா இருந்திச்சி."

ரங்கம்மாள் எட்டிப் பார்ப்பாள். "இன்னாடி இது, பூசணி வெதையா?"

"மகரந்தப் பை அத்தே. குறுக்கால வெட்டினா இப்படித்தான் இருக்கும்."

"அத ஏன் குறுக்கால வெட்டணும்? அது பாட்டுக்குக் கீது. வெட்டவும் சொல்லி, வரையவும் சொல்லி... அந்த டீச்சருக்கு வேற வேலை இல்ல?"

மார்கழிக்குள் நான்கு ரெகார்டும் முடிந்தன; தேர்வுக்குப் பயிற்சி என்று பஸ்ஸில் வரைவது மட்டும் நிற்கவில்லை. வகுப்பிலேயே முதலில் கையெழுத்து வாங்கியது எழில்மதிதான். விலங்கியல் டீச்சர் செந்தமிழ்ச்செல்வி அந்த நோட்டை மற்ற வகுப்புகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார். காட்டிய இடத்திலெல்லாம் எழில்மதிக்குப் பகையாளி சேர்ந்தார்கள்.

செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது பள்ளியில் ஒரு மாதிரித் தேர்வு வைத்தார்கள். ஆய்வகத்தில் கல் பதித்த மேசை. யானை ஏறி நின்றாலும் அசையாது. டீச்சர் அவள் முன்னால் அரிவாள் அணு ஸ்லைடை வைத்தார். "வரை பார்ப்போம்."

எழில்மதி பென்சிலை வைத்தாள். கை இடதுபக்கம் ஓடியது. இழுத்துப் பிடித்தாள், வலதுபக்கம் ஓடியது. ஆறு மாதமாக பஸ் ஒரு பக்கம் தள்ள, கை மறுபக்கம் தாங்கியே பழகியிருந்தது. இப்போது தள்ள பஸ் இல்லை. கை மட்டும் தாங்கிக்கொண்டே இருந்தது. எழுதும்போது ஒன்றுமில்லை, வகுப்பு பெஞ்சில் எழுதிப் பழகிய கை. படம் என்றால்தான் இந்தக் கூத்து. தாளில் விழுந்ததை டீச்சர் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன?"

"ரத்த அணு மிஸ்."

"யாரோட ரத்தம்? மாட்டோடதா? கொம்பு இருக்கே! உண்மையைச் சொல்லு, ரெகார்டை யார் வரைஞ்சு குடுத்தாங்க?"

"நான்தான் மிஸ்! பஸ்ல..."

வகுப்பே சிரித்தது. "வெளியிலேர்ந்து சார் வருவாரு. அவரு முன்னாடி இப்படி வரைஞ்சா, மார்க்கும் போகும், ரெகார்டும் உன்னுது இல்லைன்னு ஆகும். பத்து நாள்ல கையைச் சரி பண்ணு" என்றார் டீச்சர்.

அன்று பஸ்ஸில் எழில்மதி வரைந்ததையெல்லாம் உடனுக்குடன் அடித்துக்கொண்டே வந்தாள். விஷயத்தைக் கேட்ட தங்கதுரை டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார். "ரிட்டயர் ஆன டிரைவர் ஒருத்தர், வூட்ல நாற்காலியில குந்திக்கினே கியர் போடுவாரு. அந்தக் கேசுதான் இது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் கம்மி பண்ணணும் பாப்பா. ஒரேடியா நிறுத்தினா ஆவாது."

வைத்தியம் வீட்டில் தொடங்கியது. எழில்மதி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வரைய, குஞ்சம்மாள் கீழே சாமை புடைத்துக்கொண்டே காலால் கட்டிலை ஆட்டினாள். அரிவாள் அச்சாக விழுந்தது. பெண்ணுக்கு உயிர் வந்தது. குஞ்சம்மாளுக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. இருபது வருஷமாக அந்தப் பாதையில் போய் வந்தவள்; கண்ணை மூடிக்கொண்டு வீட்டு வாசலிலிருந்து அடிவாரம் வரைக்கும் பஸ் விட்டாள்.

"ஆட்டும்மா, ஏன் நிறுத்திட்ட?"

"இருடி, ரங்கம்மா மூட்டை ஏத்திக்கினு கீறா."

நாளுக்கு நாள் ஆட்டத்தைக் குறைத்தார்கள். ஒன்பதாம் நாள், கட்டிலை விரலால் தொட்டால் போதும் என்கிற அளவுக்கு வந்தது. ஆனால் அந்த விரல் வேண்டியிருந்தது. விரலை எடுத்தால் அணுவுக்குக் கொம்பு முளைத்தது.

தேர்வு நாளன்று ஆய்வகத்தில் நுழைந்ததும் எழில்மதியின் கண் ஒரே ஒரு சாமானைத் தேடியது. மூலையில் கிடந்தது: ஒரு கால் குட்டையான ஸ்டூல். அதில் உட்கார்ந்தவர்கள் அமிலத்தை மடியில் கொட்டிக்கொண்டதால் யாரும் அதைத் தொடுவதில்லை. எழில்மதி அதைத் தூக்கி வந்து தன் இடத்தில் போட்டுக்கொண்டாள். ஏறி உட்கார்ந்ததும் அது இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் நிமிர்ந்தது. மலை பஸ்ஸின் தங்கச்சி மாதிரி இருந்தது.

உளுந்தூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த தேர்வாளர் நாராயணசாமி நல்ல மனுஷர். அதுதான் வினையாகப் போயிற்று. "அடடா, நொண்டி ஸ்டூல்ல உட்கார்ந்து எப்படிம்மா வரைவே?" என்று தன் கையாலேயே நல்ல ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்.

எழில்மதி நொண்டி ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டாள். "சார்... எனக்கு அந்த ஸ்டூலே வேணும் சார்."

"அது ஆடுதும்மா."

"ஆடுறதுதான் சார் வேணும்."

அவர் கண் சுருங்கியது. முப்பது வருஷ அனுபவத்தில் ஸ்டூலுக்கு அடியில் துண்டுச்சீட்டு ஒட்டி வைத்தவர்களைப் பார்த்தவர். ஸ்டூலைக் கவிழ்த்தார். தட்டினார். குட்டைக் காலுக்குள் விரலை விட்டுத் துழாவினார். ஒரு சிலந்திதான் வந்தது. கடைசியில் தானே ஏறி உட்கார்ந்து ஆடிப் பார்த்தார். எதிரில் நின்ற செந்தமிழ்ச்செல்வி டீச்சருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பத்து நாளைக்கு முன் கேட்ட "பஸ்ல" என்ற வார்த்தை அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "சார், அந்தப் பொண்ணு மலையிலேர்ந்து வருது. கேட்டதைக் குடுத்துடுங்க" என்றார்.

நாராயணசாமி இறங்கிக்கொண்டார். ஆனால் பக்கத்தை விட்டு நகரவில்லை.

எழில்மதி ஸ்டூலில் ஏறினாள். பல்லைக் கடித்துக்கொண்டு எஞ்சின் மாதிரி மெல்ல உறுமினாள். இடப்பக்கம் ஒடித்தாள்: ஒரு அரிவாள். வலப்பக்கம் ஒடித்தாள்: அதன் பக்கத்தில் இன்னொரு அரிவாள். கூர் கூராக, அறுவடைக்கு எடுத்துக்கொண்டு போகலாம் போல. பிறகு சட்டென்று ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கையைத் தொங்கவிட்டுச் சும்மா இருந்தாள்.

"என்னம்மா, மறந்துபோச்சா?"

"இல்ல சார். மூட்டை ஏத்துறாங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, பாகங்களுக்குப் பெயர் குறிக்கத் தொடங்கினாள்.

நாராயணசாமி படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். இருபதுக்கு இருபது போட்டார். மற்றப் பெண்கள் வரையும்போது அவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு தரம் ஆடியதாகவும், தானும் ஒரு அணு வரைந்து பார்த்ததாகவும் சொல்கிறார்கள். அது நன்றாக வரவில்லையாம்.

சாயங்கால பஸ்ஸில் தங்கதுரை விசில் ஊதிக் கொண்டாடினார். ரங்கம்மாள் ஒரு கொட்டைப்புளியை உருட்டிக் கையில் கொடுத்தாள். ரெகார்டு நோட்டுகளைப் பள்ளியிலேயே வாங்கி வைத்துக்கொண்டதால் பை காற்றாக இருந்தது. பஸ்ஸின் பின்பக்கம் தாழவே இல்லை. மடியில் ஒன்றுமில்லாமல், கையில் பென்சில் இல்லாமல், ஆறு மாதத்தில் முதல் தடவையாக எழில்மதி ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். முதல் வளைவு வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வளைவில் அவள் முகம் வெளுத்தது.

"அண்ணே... வண்டிய நிறுத்துங்க!"

தங்கதுரை விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தார். "இன்னா பாப்பா, உனக்கா? உனக்கா வாந்தி?"

ரங்கம்மாள் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்: "யோவ் கண்டக்டரு, ஒரு காயிதமும் பென்சிலும் குடுய்யா! பொண்ணுக்கு மருந்து அதான்!"

தங்கதுரை டிக்கெட் கட்டின் அட்டையைக் கிழித்துப் பின்பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். நான்காவது வளைவில் அவள் ஒரு எண்டமீபா வரைந்தாள். குமட்டல் நின்றது.